ஸ்வீட் பாக்ஸ்ல என்ன தப்பு?

இந்த எபிசோட் ஒரு ஸ்வீட் பாக்ஸைப் பத்தி.

தீபாவளி நெருங்கும்போது வருஷா வருஷம் ஒரு செய்தி வரும். லஞ்ச ஒழிப்புத் துறை அரசு அலுவலகங்கள்ல திடீர் சோதனை, கணக்கில் வராத பணம் பறிமுதல். பணம் சிக்கினா அதுல யாருக்கும் குழப்பம் இல்ல. ஆனா ஸ்வீட் பாக்ஸ், பட்டாசு பாக்ஸ், வெள்ளி விளக்கு? "பண்டிகைக்குக் கொடுக்கறதுல என்னப்பா தப்பு, நம்ம பழக்கம்தானே?"ன்னு கேக்கறவங்க நம்ம வீட்டுலயே இருக்காங்க.

அந்தக் கேள்வியை மாநகராட்சியை வெச்சே பார்ப்போம். சொத்து வரி, பிளான் அப்ரூவல், பிறப்புச் சான்றிதழ், குப்பைன்னு தினசரி வாழ்க்கையில நம்மகிட்ட ரொம்ப நெருக்கமா வர்ற அரசாங்கம் அதுதான்.

ஐடியில வேலை பார்க்கற எல்லாரும் வருஷத்துக்கு ஒரு டிரெய்னிங் வீடியோவை டபுள் ஸ்பீடுல ஓட்டி முடிச்சிருப்போம். வெண்டர் கிஃப்ட் அனுப்பினா என்ன பண்ணணும்? உங்க தம்பியோட கம்பெனி டெண்டர்ல கலந்துக்கிட்டா என்ன பண்ணணும்? விடை தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம்: மேல சொல்லு, அந்த முடிவுல இருந்து விலகி நில்லு. அரசு விதிகளோட லாஜிக்கும் இதேதான்.

ஒரு உதாரணம். சென்னை மாநகராட்சி கமிஷனர் ஒரு ஐஏஎஸ் அதிகாரி. அவருக்கு 1968-ல வந்த அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள் பொருந்தும். நெருங்கின சொந்தக்காரங்க, அலுவல் தொடர்பு எதுவும் இல்லாத நண்பர்கள், இவங்ககிட்ட கல்யாணம், துக்கம், மதச் சடங்கு மாதிரி சமயத்துல பரிசு வாங்கலாம். ஊர் வழக்கப்படி கொடுக்கறதா இருக்கணும், அவ்ளோதான். மதிப்பு 25,000 ரூபாயைத் தாண்டினா அரசுக்குத் தெரிவிக்கணும். மத்தபடி 5,000 ரூபாய்க்கு மேல எந்தப் பரிசையும் அரசு அனுமதி இல்லாம வாங்கக் கூடாது. எப்பவாவது ஒரு சாப்பாடு, வழியில ஒரு லிஃப்ட், இதெல்லாம் பரிசுக் கணக்குலயே வராது. ஆனா அலுவல் தொடர்பு உள்ளவங்க போட்டுத் தர்ற ஃப்ளைட் டிக்கெட், ஹோட்டல் ரூம் எல்லாம் பரிசுதான்.

கவனிச்சீங்களா? "நம்ம பழக்கம்"ங்கற வாதத்தை விதியே ஏத்துக்குது. மொய் எழுதறதை யாரும் தடுக்கல. விதி முதல்ல கேக்கறது "எவ்ளோ ரூபாய்?"ன்னு இல்ல. "கொடுக்கறவரோட ஃபைல் உங்க டேபிள்ல இருக்கா?"ன்னுதான் கேக்குது. கான்ட்ராக்டர் பில் பாஸாக வேண்டிய மாசத்துல இன்ஜினியர் வீட்டுக்கு வர்ற வெள்ளி விளக்கும், சித்தப்பா கொடுக்கற வெள்ளி விளக்கும் கடையில ஒரே விலைதான். விதிக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல.

இது வெறும் அலுவலக ஒழுங்கு விதி மட்டும் இல்ல. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தோட 11-வது பிரிவைப் பாருங்க. தன் அலுவலக வேலையோட சம்பந்தப்பட்ட, இல்லன்னா சம்பந்தப்படப் போற ஒருத்தர்கிட்ட இருந்து, விலை கொடுக்காமலோ சரியான விலை கொடுக்காமலோ ஒரு அரசு ஊழியர் முறையற்ற ஆதாயம் வாங்கினா அது குற்றம். ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை. "அவருக்காக நான் ஒண்ணுமே பண்ணலையே சார்"னு சொல்றது இங்க முழு தற்காப்பா ஆகாது.

"கவுன்சிலர் அரசு ஊழியர் இல்லையே?"ன்னு ஒரு கேள்வி வரும். ராஜஸ்தான்ல ஒரு நகராட்சிக் கவுன்சிலர் இதே வாதத்தோட உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாரு. 2013-ல தீர்ப்பு வந்துச்சு: இந்தச் சட்டத்தோட பார்வையில கவுன்சிலரும் பொது ஊழியர்தான்.

சரி, சொந்தக்காரங்க விஷயத்துக்கு வருவோம். அதிகாரிக்கு மச்சான் இருக்கறது குத்தம் இல்ல. மச்சான் ரோடு கான்ட்ராக்டரா இருக்கறதும் குத்தம் இல்ல. மச்சானோட டெண்டரை இவரே திறந்து, இவரே மார்க் போட்டு, இவரே கையெழுத்துப் போடறதுதான் பிரச்சினை. குடும்பத்துல ஒருத்தர் வேலை பார்க்கற நிறுவனத்தோட ஃபைல் வந்தா, அதைத் தொடாம மேலதிகாரிக்கு அனுப்பணும். இது அரசுப் பணி நடத்தை விதிகள்ல இருக்கற அடிப்படை. ஐஏஎஸ் அதிகாரி தன் செல்வாக்கை வெச்சு வீட்டு ஆளுக்குத் தனியார் வேலை வாங்கித் தர்றதுக்கும் தடை இருக்கு. ஆதாயம் பணமா இருக்கணும்னு சட்டம் சொல்லல. வாங்கறவர் தனக்காக வாங்கணும்னும் சொல்லல. "அப்ரூவல் தர்றேன், என் பையனுக்கு உங்க கம்பெனியில ஒரு வேலை போட்டுக் கொடுங்க"ன்னு சொன்னா அதுவும் லஞ்சம்தான்.

இவ்ளோ விதி இருந்தும் ஏன் ஓட்டையா இருக்கு? ஒரு டெவலப்பரா எனக்குத் தோணுற பதில்: லாக் எழுதறாங்க, ஆனா அதைப் படிக்கற அனுமதி யாருக்கும் இல்ல. அதிகாரி பரிசைத் தெரிவிக்கறாருன்னே வைங்க, அந்தக் காகிதம் ஃபைலுக்குள்ள போயிடும். டெண்டர் யாருக்குப் போச்சுன்னு தேடிக் கண்டுபிடிக்கலாம். அந்த நிறுவனத்தோட உரிமையாளர் வார்டு கவுன்சிலருக்கு என்ன உறவுன்னு சொல்ல அதுல ஒரு காலம் கிடையாது.

வேற ஒரு ஊர் இதை எப்படிப் பண்ணுதுன்னு பார்க்கலாம். நியூயார்க் நகரத்துல, நகராட்சியோட வியாபாரம் பண்றவங்ககிட்ட இருந்து 50 டாலர் மதிப்புள்ள பரிசை எந்த ஊழியரும் வாங்கக் கூடாது. ஒரே ஆள் 12 மாசத்துல கொடுக்கறதை எல்லாம் கூட்டித்தான் கணக்கு. அதனால ஸ்வீட் பாக்ஸைத் தவணையில அனுப்ப முடியாது. மீறினா இதுக்குன்னே இருக்கற வாரியம் அபராதம் போடும், யார் என்ன தப்பு பண்ணாங்கன்னு பேரோட வெளியிடும். அங்க ஊழலே இல்லன்னு நான் சொல்ல வரல. பேர் வெளிய வரும்ங்கற பயமாவது இருக்கு.

கடைசியா நம்ம பக்கம். 2018 திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் கொடுக்கறதும் நேரடிக் குற்றம், ஏழு வருஷம் வரைக்கும் சிறை. வேற வழியில்லாம, கட்டாயத்துல கொடுத்திருந்தா, ஏழு நாளைக்குள்ள போலீஸ்லயோ புலனாய்வு அமைப்புலயோ சொல்லிட்டா அந்தப் பிரிவு உங்க மேல பாயாது. ஏழு நாள். இதை ஞாபகத்துல வெச்சுக்குங்க. வீட்டு வரி பேர் மாத்தப் போற அப்பாகிட்டயும் சொல்லுங்க. ஏன்னா "ஏதாவது பார்த்துப் பண்ணுங்க"ன்னு கேக்கறப்போ கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிக்கறது அவருதான்.

அதனால இந்தத் தீபாவளிக்கு ஆபீஸ்ல யாருக்காவது ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கணும்னு தோணினா, ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: அவர் அந்த நாற்காலியில இல்லன்னாலும் கொடுப்பீங்களா? ஆமான்னா, அவர் ரிட்டயர் ஆன அடுத்த தீபாவளிக்கு ரெண்டு பாக்ஸா வாங்கிட்டுப் போங்க. எந்த விதியும் தடுக்காது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.