சாயம் பூசிய மின்வாய்

சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொருள். அதன் படிகத்தை நீரில் அமிழ்த்தி, பிளாட்டினத் தகட்டோடு கம்பியால் இணைத்து, ஒளி பாய்ச்சிப் பார்த்தார் ஜப்பானைச் சேர்ந்த அகிரா ஃபுஜிஷிமா. ஒளி பட்ட பக்கம் ஆக்சிஜன், பிளாட்டினத்தின் பக்கம் ஹைட்ரஜன். அவரும் பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் 1972இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். மறு வருடமே உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி. தண்ணீரிலிருந்து எரிபொருள் என்றால் கேட்கவா வேண்டும்!

ஆனால் வெள்ளைப் பொருள், கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏற்பதில்லை. அதனால்தான் அது வெள்ளை. டைட்டானியம் டை ஆக்சைடு ஏற்பது புற ஊதாக் கதிரை மட்டுமே. தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் அது சுமார் 5 சதவீதம்தான்.

இதற்கான வழி பழைய புகைப்படக் கலையில் இருந்தது. நீல ஒளிக்கு மட்டும் மசிந்த புகைப்படத் தட்டில் சாயம் சேர்த்து, பச்சையையும் உணர வைத்தார் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோகல். அது 1873. அதே உத்தியில், 1991இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மைக்கேல் கிரெட்செலும் பிரையன் ஓ'ரீகனும் டைட்டானியம் டை ஆக்சைடின் நுண்துகள்கள் மேல் ருத்தேனியச் சாயம் ஏற்றிச் சூரிய மின்கலம் செய்தார்கள்.

மின்சாரம் வந்தது. இதையே தண்ணீரில் இறக்கினால் ஹைட்ரஜன் வராதா? 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மல்லூக்கின் குழு, சாயத்தோடு இரிடியம் ஆக்சைடு வினையூக்கியையும் சேர்த்து அதைச் செய்துகாட்டியது. வெளியிலிருந்து கொஞ்சம் மின்னழுத்தமும் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியும், சாயம் ஏற்ற 100 ஒளித்துகள்களில் ஒன்றுகூடப் பயன்படவில்லை.

ஏன்? ஒளி பட்டதும் சாயம் ஓர் எலெக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் கொடுத்துவிடுகிறது. அது கம்பி வழியே பிளாட்டினத்துக்குப் போனால்தான் ஹைட்ரஜன். ஆனால் அதுவோ, அவிழ்த்துவிட்ட கன்று தாய்ப்பசுவிடம் ஓடுவதுபோல, வந்த சாயத்துக்கே திரும்பி ஓடுகிறது. அதற்குள் சாயம் தன் இழப்பைத் தண்ணீரிடமிருந்து ஈடுகட்டிக்கொள்ள வேண்டும். அங்கேதான் தாமதம். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக 4 எலெக்ட்ரான்களை எடுத்தாக வேண்டும். எல்லோரும் ஹைட்ரஜனைப் பற்றிப் பேசுகிறார்கள். உண்மையான முட்டுக்கட்டை ஆக்சிஜன் பக்கம்தான்.

அடுத்து, ஆயுள். தண்ணீரில் சாயத்தின் பிடி தளர்ந்து மெல்லக் கழன்றுவிடுகிறது. பாஸ்ஃபோனேட் என்ற வேதித் தொகுதியால் ஒட்டவைத்தால், பிடி கொஞ்சம் தாங்குகிறது. மேலே மெல்லிய ஆக்சைடு பூசினால் இன்னும் கொஞ்சம். இலைக்குள் தண்ணீரைப் பிளக்கும் புரதமும் வெயிலில் பழுதாகத்தான் செய்கிறது. ஆனால் இலை புதுப் புரதம் செய்து மாற்றிக்கொள்கிறது. கண்ணாடித் தகட்டு மின்வாயில் ஒட்டிய சாயத்துக்கு அந்த வசதி இல்லை.

இன்று சூரிய ஒளியால் ஹைட்ரஜன் வேண்டுபவர்கள், சோலார் பேனலையும் மின்னாற்பகுப்புக் கருவியையும் தனித்தனியே வாங்கி இணைப்பதே லாபம். வருடக்கணக்கில் கழலாமலும் கெடாமலும் இருக்கும் சாயம் கிடைக்கும்வரை, இந்த மின்வாய் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வராது.