சுவரை அகற்றலும் சுமையின் போக்கும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2018 ஏப்ரல் 19 இரவு, கொச்சி நகரின் கலூரில், மெட்ரோ நிலையத்தை அடுத்து வணிகக் கட்டிடமொன்றுக்காகத் தோண்டப்பட்டிருந்த பள்ளத்தின் பக்கத் தாங்கல் சரிந்தது. அருகிலிருந்த நிலம் உள்வாங்கிற்று. மெட்ரோ ஓட்டம் ஒரு பகுதியில் நிறுத்தப்பட்டது. துணை நீங்கிய மண் எவ்வாறு நகரும் என்பதை ஊரார் அன்று கண்கூடாகக் கண்டனர். வீட்டினுள் சுமைதாங்கும் சுவரை அகற்றும்போதும் நீங்குவது ஒரு துணையே. விளைவு பெரும்பாலும் மெதுவாக வருவதால் எவரும் பொருட்படுத்துவதில்லை.

மூன்றரை மீட்டர் அகலமுள்ள இரு அறைகளுக்கு நடுவே நிற்கும் 3 மீட்டர் நீளச் சுவர், மேலே காங்கிரீட் தளம் மட்டுமே இருப்பினும், ஏறத்தாழ 6 டன் சுமையைத் தாங்கவேண்டியிருக்கும். மாடி இருப்பின் இன்னும் மிகுதி. அச்சுமை கடைக்காலின் நீளம் முழுவதும் பரவி மண்ணைச் சேருகிறது. சுவருக்குப் பதிலாக உத்திரம் வைத்தால், அதே சுமை இரு முனைகளிலும் மும்மூன்று டன்னாகக் குவிகிறது. உத்திரம் வலுவாயிருந்தாற் போதும் என எண்ணுவோர் தவறுவது இவ்விடத்திற்றான். கொச்சியின் பல பகுதிகளில் நிலத்தடியில் உள்ளது மென்மையான கடற்களிமண். அழுத்தப்பட்ட களிமண்ணிலிருந்து நீர் மெல்லவே வெளியேறும். ஆதலின் அமிழ்வு பணி முடிந்த அன்றே முழுமையாகத் தெரியாது. மாதங்கள் கழிந்தபின் சாளர மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலாகவும், இறுகிப்போன கதவாகவும் வெளிப்படும்.

தளத்திலும் இடர் உண்டு. தொடர்ச்சியாக வார்த்த தளத்தில், சுவருக்கு நேர்மேலே முதன்மைக் கம்பிகள் மேற்புறத்தில் இருக்கும். சுவர் நீங்கியதும் அங்கே இழுவிசை கீழ்ப்புறத்திற்கு மாறும். அதனைத் தாங்கும் கம்பி அங்குப் போதாது.

விளைவு எப்போதும் விரிசலோடு நிற்பதில்லை. 2017 ஜூலை 25 அன்று மும்பை காட்கோபரில் நான்கு மாடிக் குடியிருப்பொன்று இடிந்து 17 பேர் மாண்டனர். தரைத்தளத்தில் நடைபெற்ற மாற்றப் பணிகளே காரணம் எனக் குற்றம் சாட்டப்பட்டது.

சுவரைத் தொடுமுன் இருபுறமும் தளத்திற்கு முட்டுக் கொடுத்தல் வேண்டும். முட்டுகளின் அடியில் பலகை பரப்புதலும் வேண்டும். உத்திர முனைகளுக்குக் கீழுள்ள கடைக்காலைத் தோண்டிப் பார்த்து, போதாவிடின் அகலப்படுத்தல் வேண்டும். உத்திரத்திற்கும் தளத்திற்கும் இடையே கலவையை இறுக அடைத்து, அது கெட்டியான பின்னரே முட்டை நீக்கலாம். ‘உட்புற மாற்றம்’ என வரும் விண்ணப்பத்தில், அகற்றப்படும் சுவரின்மேல் என்ன நிற்கிறது என்பதை அலுவலர் கேட்டறிதல் நன்று.

விரிசல் கண்ட வீட்டில் உடனே பூச்சுப் பூசுவது வீண் செலவு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதியைக் குறித்து வைக்கலாம். அது உடைந்தால் கட்டிடம் இன்னும் நகர்கிறது. முட்டுகளோடு பொறியியலாளர் வரவேண்டிய நேரம் அது.