அம்மைப்பாலும் குடும்ப ஏடும்

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மலருக்காகக் குடும்ப விவரம் கேட்டு வீடு வீடாகச் சென்றோம். ஒரு பாட்டியம்மா தம் புஜத்தைக் காட்டினார். வட்டமாக, அம்மை குத்திய தழும்பு. "எந்த வருஷம் பாட்டி?" என்றோம். "அதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்?" என்றார். எழுதி வைக்காததால் ஏறக்குறைய மறைந்தே போக இருந்த ஒருவரின் கதை எங்கள் நினைவுக்கு வந்தது.

அம்மைப்பால் என்றதும் டாக்டர் எட்வர்டு ஜென்னரைச் சொல்வோம். 1796-ல் அவர் ஒரு சிறுவனுக்கு அம்மை குத்தினார். 1798-ல் நூலாக வெளியிட்டார். ஆனால் 1774-லேயே, இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி இதைச் செய்துவிட்டார். பெரியம்மை பரவிய சமயம் அது. மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்கள் பெரியம்மை நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தும் அது அவர்களைத் தொற்றவில்லை என்பதைக் கவனித்திருந்தார். தமக்கு முன்பே மாட்டம்மை வந்திருந்தது. ஆகவே மனைவி எலிசபெத்துக்கும் இரு சின்ன மகன்களுக்கும், பசுவின் மடிக்கொப்புளத்துச் சீழை எடுத்து, காலுறை பின்னும் ஊசியால் கையைக் கீறிப் பதித்தார். பிள்ளைகளுக்கு எளிதில் ஆறிற்று. மனைவியின் கையோ மோசமாக வீங்கிவிட்டது. அவள் இறந்திருந்தால் அம்மனிதரின் கதி என்ன? நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் ஏசினார்கள். ஜெஸ்டி எதையும் அச்சிட்டு வெளியிடவில்லை.

பின்னாளில் அவர் குடியேறிய இடத்துக்கு அருகே, சுவானேஜில் குருவாக இருந்தவர் ஆண்ட்ரூ பெல். நம் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய அதே ஆங்கிலிக்கன் குருதான்! (உலகம் சிறியது, பாருங்கள்.) அவர் 1803-ல் இச்செய்தியை எழுதி உரியவர்களுக்குத் தெரிவித்தார். 1805-ல் லண்டன் அம்மைப்பால் நிலையத்தார் ஜெஸ்டியை அழைத்துச் சிறப்பித்தனர். மகன் ராபர்ட்டுக்குப் பெரியம்மைச் சீழையையே ஏற்றிப் பார்த்தார்கள். 31 ஆண்டுகளுக்குப் பின்னும் நோய் பற்றவில்லை. 1816-ல் ஜெஸ்டி மறைந்தார். மனைவி, இரு மகன்கள், 1774 என்ற ஆண்டு எல்லாம் வொர்த் மாட்ரவர்ஸ் கோயில் வளாகத்திலுள்ள அவரது கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டன.

நிற்க. பெரியம்மை ஒழிந்ததென்று உலக சுகாதாரச் சபை 1980 மே 8-ல் அறிவித்தது. தழும்புடையோர் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். பங்குப் பதிவேட்டில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் உண்டு. யார் வீட்டில் யாருக்கு அம்மை கண்டது, யார் பிழைத்தார் என்பதற்கு அதில் இடமில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும். வரும் ஞாயிறு முதல் பூசைக்குப் பின் கோயில் வாசலில் நோட்டுப் புத்தகத்துடன் இருப்போம். பாட்டிமாரைத் தயவுசெய்து அழைத்து வாருங்கள்.