நிழற்படத்தில் ஒரு சிற்றீ

பெயரறியாச் சிறு பூச்சியொன்றின் நிழற்படத்தைப் பெறும் பூச்சியியலார் முதலில் சிறகுகளையே எண்ணுவர். தேனீக்கும் குளவிக்கும் சிறகுகள் நான்கு. இலையான் முதலிய ஈக்களுக்கு இரண்டே. பின்சிறகுகளின் இடத்தில் இரு சிறு குமிழ்கள் இருக்கும். பறக்கையில் உடலை நிலைப்படுத்துவன அவையே. அடுத்து, உணர்கொம்பும் சிறகின் நரம்பமைப்பும் அதன் குடும்பத்தைக் காட்டும். ஆதலின் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்துக்கு நேராகவும் படமெடுத்தல் வேண்டும். பூச்சியின் நீளத்தையும் கண்ட இடத்தையும் குறித்தல் வேண்டும்.

எனினும், குடும்பத்தைக் கூறுவது போல இனத்தைக் கூறுதல் எளிதன்று. கெனியாவில் 2003ஆம் ஆண்டு மாங்கனிகளைக் கெடுக்கும் ஈயொன்று புதிதாகக் காணப்பட்டது. இலங்கையிலும் அவ்வீ உண்டென அறியப்பட்டது. 2005இல் அதனைப் புதிய இனமெனக் கொண்டு ‘இன்வாடென்ஸ்’ எனப் பெயரிட்டனர். அப்பெயரைச் சுட்டி ஆபிரிக்கப் பழங்களுக்கு இறக்குமதித் தடைகளும் எழுந்தன. உடலமைப்பு, மரபணு, இணைசேரும் இயல்பு யாவும் ஒப்பிடப்பட்ட பின்னரே, 2015இல், அது ஆசியாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட கீழைத்தேயப் பழ ஈயே எனத் தெளிந்தனர்.

பூச்சியே கையிலிருந்தும் தெளிவுபெறப் பத்தாண்டுகள் சென்றன. படம் மட்டுமே இருக்கையில் எத்துணை நிதானம் வேண்டும்! படத்தைக் கண்டு குடும்பத்தை மட்டும் கூறி, பூச்சியை அற்ககோலில் இட்டு அனுப்புமாறு கேட்கும் அறிஞரின் சொல்லே நம்பத்தக்கது.