சேலையில் சுமக்கும் பிள்ளை

(பளையில் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் எமது பெண்கள் குழு ஆற்றிய உரை)



பிள்ளையைச் சேலையில் கட்டிச் சுமப்பது எங்களுக்குப் புதிதல்ல. 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வடக்குக்கு வந்த குடும்பங்களும் எங்களுக்குள் இருக்கின்றன. அங்கே பிள்ளைக் காம்பரா இருந்தது. இங்கே தென்னைக்குக் கீழே பிள்ளையை விட இடமில்லாமல் உடம்போடு கட்டிக்கொண்டோம். கட்டுவது சரி. எப்படிக் கட்டுவது என்பதைத்தான் இன்று கதைக்க வந்தோம்.

உடம்போடு சேர்த்துச் சுமப்பது பிள்ளைக்கு நல்லது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். அதற்குக் கங்காரு முறைப் பராமரிப்பு என்று பெயர். இன்று உலக சுகாதார நிறுவனமே அதைச் சிபாரிசு செய்கிறது. தகப்பனும் அப்படி வைத்திருக்கலாம்.

ஆனால் தவறாகக் கட்டினால் அதே துணி மூச்சை அடைக்கும். 2010இல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு ஆணைக்குழு ஓர் எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்திய 20 வருடத்தில் துணித் தூளிகளோடு தொடர்புபட்ட 14 மரணங்களை அது விசாரித்தது. அதில் 12 பிள்ளைகள் 4 மாதத்துக்கும் குறைந்தவர்கள். சின்னப் பிள்ளைக்குக் கழுத்தில் பலமில்லை. துணிக்குள் சுருண்டு நாடி நெஞ்சில் அழுந்தினால், அழக்கூட முடியாமல் மூச்சு நின்றுவிடும்.

ஆகவே இவற்றை மனதில் வையுங்கள். துணி இறுக்கமாக இருக்க வேண்டும். தொய்ந்தால் பிள்ளை சரிந்துவிடும். குனிந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும். தலையில் முத்தமிடும் உயரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு விரல் போக வேண்டும். முதுகுக்குத் துணி தாங்கலாக இருக்க வேண்டும். காலை நீட்டிச் சேர்த்துக் கட்டாதீர்கள். இடுப்பு மூட்டு விலகலாம். தவளைக் கால் போல விரிந்து, முழங்கால் குண்டியை விட உயர்ந்திருக்கட்டும். தலை நன்றாக நின்று, பிள்ளை தானாக இருக்கத் தொடங்கும் வரை முதுகில் கட்ட வேண்டாம். பால் குடித்து முடிந்ததும் மறுபடி நிமிர்த்திக் கட்டுங்கள். பழைய சேலை என்றால் இழை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

எங்கள் இடத்துக்கென்று சில ஆபத்துகளும் உண்டு. தேங்காய் பறிக்கும் இடத்துக்கும் மருந்தடிக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் பிள்ளையைக் கொண்டு போகாதீர்கள். அடுப்படியில் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது துணிக்கட்டு பிள்ளையைக் காப்பாற்றாது. பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு மடிப்பு பருத்தித் துணி போதும். பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்துச் சூடாக இருந்தால் உடனே அவிழ்த்து நிழலில் வைத்துப் பால் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கட்டிக் காட்டிக் கேளுங்கள்.

தோழர்களே, இவ்வளவும் தாய் கவனிக்க வேண்டியது. தோட்டம் கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 6 கிழமைதான் மகப்பேற்று விடுமுறை. பச்சை உடம்போடு, கழுத்து நிற்காத பிள்ளையோடு வேலைக்குத் திரும்பினோம். 2018இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 கிழமை என்று ஆனது. அதே சட்டத்தில், பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளை வைக்க இடம் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம். இடம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். இது எவரும் தரும் சலுகை அல்ல. கேட்டு வாங்க வேண்டிய உரிமை.

பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு தேங்காய் பொறுக்கும் தாயைப் பார்த்து ‘கெட்டிக்காரி’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவளுக்குப் பிள்ளையை விட ஓர் இடம் இல்லை என்பதை யார் கேட்பது? நாங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாரின் பெயரை எழுதித் தாருங்கள். இடைவேளை கிடைக்கிறதா, பிள்ளை வைக்க நிழலும் தண்ணீரும் உள்ள இடம் இருக்கிறதா என்றும் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு தோட்ட நிருவாகத்திடம் போவோம். அங்கே பதில் இல்லையென்றால் தொழில் அலுவலகத்துக்குப் போவோம்.