அழியாத ஆற்றலை ஏன் சிக்கனப்படுத்த வேண்டும்?



இயற்பியலாளர் பேச வேண்டிய பொருளை மொழியியல் பயின்ற நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு வினா. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்கிறது அறிவியல் பாடநூல். சில பக்கங்கள் கழித்து, ஆற்றலைச் சேமியுங்கள் என்று அதே நூல் கூறுகிறது. அழியவே அழியாத ஒன்றை எதற்காகக் காக்க வேண்டும்? இவ்வாறு கேட்கும் மாணவனைக் குறும்பன் என்று அமர்த்திவிடுதல் தகாது. அவன் நூலைக் கருத்தூன்றிப் படித்திருக்கிறான். அவனுக்குரிய விடையில் ஒரு பாதி இயற்பியலிலும் மறுபாதி சொல்லிலும் இருக்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் எனர்ஜி என்பது செயல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து பிறந்தது. அதற்கு இன்றைய அறிவியல் பொருளை 1807ஆம் ஆண்டு வாக்கில் ஏற்றியவர் தாமஸ் யங். தமிழில் ஆற்றல் என்பதும் செயலைக் குறிக்கும் வினையிலிருந்தே வருகிறது. பணியாற்றினார், கடமையாற்றினார் என்கிறோம் அல்லவா? வேலை செய்யும் இயலுமையே ஆற்றல் என்னும் வரையறை சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆற்றல் என்பதை ஆள, இலங்கையிலும் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் சக்தி வழங்குகிறது. இதில் வழக்காடப் பொருளில்லை. ஆனால் சக்தி, விசை, திறன் ஆகியவற்றை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எழுதுவதை மட்டும் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ளக் கூடாது. மலாய்மொழி தெனாகா, டாயா, குவாசா என மூன்றையும் தெளிவாகப் பிரித்தாள்கிறது. நம் மாணவர்கள் அங்கே பிழையின்றி எழுதிவிட்டுத் தமிழில் தடுமாறுவது நமக்கு அழகன்று.

உண்மையான சிக்கல் சேமிப்பு என்னும் சொல்லில் உள்ளது. ஆங்கிலத்தில் ஒரே சொல் அழிவின்மை விதியையும் குறிக்கிறது, சிக்கனத்தையும் குறிக்கிறது. அதைப் பின்பற்றிய நாமும் இரண்டையும் குழப்பிக்கொண்டோம். போதாக்குறைக்கு மின்கலத்தில் தேக்கி வைப்பதும் சேமிப்பாயிற்று. மலாய்மொழியோ விதிக்குக் கெஅபாடியான் என்றும் சிக்கனத்துக்குப் பெஞ்ஜிமாத்தான் என்றும் இரு வேறு சொற்களை வைத்திருக்கிறது. நாமும் விதியை அழிவின்மை என்றும், மின்கலத்துக்குரியதைத் தேக்கம் என்றும், வீட்டில் செய்யவேண்டியதைச் சிக்கனம் என்றும் வழங்கினால் மாணவனின் ஐயத்தில் பாதி அகலும்.

மறுபாதிக்கு உணவுக்கடைக்குச் செல்வோம். தே தாரிக் ஆற்றுபவரைப் பாருங்கள். ஒரு குவளைத் தேநீர், 200 கிராம் எனக் கொள்வோம், 90 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஆறும்போது ஏறத்தாழ 25,000 ஜூல் வெப்பம் வெளியேறுகிறது. 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவரை 50 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் அது! அதில் ஒரு ஜூல் கூட அழியவில்லை. கடையின் காற்றில்தான் இருக்கிறது. எனினும் அதைத் திரட்டி அடுத்த குவளையைக் கொதிக்க வைக்க எவராலும் இயலாது. அளவு குன்றவில்லை, பயன் குன்றிவிட்டது. இவ்வாறு ஆற்றல் சிதறிப் பரவும் தன்மையை அளந்து கூற 1865இல் கிளாசியஸ் என்ட்ரோபி என்னும் சொல்லைப் படைத்தார்; எனர்ஜி என்பதை ஒத்து ஒலிக்குமாறு வேண்டுமென்றே அமைத்தார். (செய்தலுக்கும் தணித்தலுக்கும் தமிழில் ஆற்று என ஒரே வடிவம் அமைந்திருப்பது நமக்கு வியப்பூட்டுவது. இரண்டின் வேரும் ஒன்றென்று நாம் வாதிடவில்லை. திருக்குறளின் ஈகை அதிகாரத்தில் இவ்விரு பொருளும் ஒரே குறளில் அருகருகே நிற்பதை ஆசிரியர்கள் அறிவர்.)

ஆற்றலின் வடிவங்களை மாணவர்கள் மனப்பாடமாகவே அறிவர்: இயக்கம், நிலை, வெப்பம், ஒளி, ஒலி, மின், வேதி, அணு. பட்டியலைவிட ஒன்று மற்றொன்றாக மாறும் வழியே முதன்மையானது. 1930இல் பேராக் ஆற்றில் இயங்கத் தொடங்கிய செண்டெரோ அணையை எண்ணுவோம். கதிரவனின் வெப்பம் நீரை ஆவியாக்கி மேலேற்றியது. மலையில் பெய்த மழை நிலையாற்றலாகத் தேங்கியது. வீழ்ந்தபோது இயக்கமாகி, சுழலியில் மின்சாரமாயிற்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் அதனால் இயங்கின. செம்பனை ஆலையிலும் இதே கதிரவன்தான். எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, ஆலை தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தானே ஆக்கிக்கொள்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகையின் மணம் தெரியும். அது இலைகள் பிடித்து வைத்த வெயில் என்று அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நிலக்கரியும் இயற்கை எரிவாயுவும் பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட வெயில். அணு ஆற்றல், புவியின் உள்வெப்பம், கடல் ஓதம் ஆகிய சிலவே கதிரவனின் கணக்கில் சேராதவை.

தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியும் எரிவாயுவும் தருவது. மஞ்சோங், தஞ்சோங் பின் போன்ற கரையோர நிலையங்களுக்குக் கப்பலில் வரும் நிலக்கரியில் பெரும்பகுதி இறக்குமதி. அத்தகைய நிலையத்தில் 100 பங்கு வேதியாற்றலை எரித்தால் மின்சாரமாவது 35 முதல் 40 பங்கு வரையே. மற்றவை புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெளியேறுகின்றன, தேநீரின் வெப்பம் போலவே. ஆகவே வீட்டில் ஓர் அலகு குறைத்தால் நிலையத்தில் இரண்டரை அலகுக்குரிய நிலக்கரி எரியாமல் நிற்கும். சிக்கனம் என்று நாம் கூறுவது இதைத்தான். மின்விசிறியை நிறுத்தாத பிள்ளையிடம் காசு வீணாகிறது என்கிறோம். அது உண்மையே, ஆயினும் கணக்கின் சிறு பகுதி.

ஓர் அலகு என்பது எவ்வளவு? 1000 வாட் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் கொள்ளும் மின்சாரம். 36 இலட்சம் ஜூல். 90 கிலோ எடையுள்ள ஒருவரைக் கடல்மட்டத்திலிருந்து 4095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு உச்சிக்குத் தூக்க வேண்டிய அளவு அது. அம்மலையை நடந்து ஏறியவர்கள் மின்கட்டணச் சீட்டை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

இறுதியாக ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். குளிர்பதனப் பெட்டிகளில் ஒட்டப்படும் நட்சத்திர முத்திரையை வகுப்பில் படிக்கச் செய்யுங்கள். நட்சத்திரம் காட்டுவது திறமையை. செலவின் மொத்த அளவை அன்று. ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய பெட்டியைவிட மிகுதியாக மின்சாரம் கொள்ளக்கூடும். ஓராண்டு மின்செலவைக் கிலோவாட் மணியில் குறிக்கும் எண்ணும் அம்முத்திரையில் உண்டு. அந்த எண்ணை எடுத்து, அது எத்தனை கினாபாலு என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.