கழன்ற பெட்டி தானாக நிற்க வேண்டும்

இலங்கையின் மலைநாட்டில் ரயில் ஏறிய ஒவ்வொருவரும் ஒரு பிரேக்கை நம்பித்தான் ஏறியிருக்கிறோம். அது எப்படி வேலை செய்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஹட்டனை விட்டுக் கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதெல்ல, நானுஓயா என்று ரயில் போகும் வழியில் 44 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றங்கள் உண்டு. அப்படியோர் ஏற்றத்தின் நடுவில் இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும் கொக்கி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்துப் பெட்டிகள் என்ன ஆகும்?

நின்றுவிடும். நம் ரயில்கள் பலவற்றில் எஞ்சினில் இருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு குழாய் ஓடுகிறது. அதில் உள்ள காற்றை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் வரைதான் பிரேக் கட்டைகள் சக்கரத்தை விட்டு விலகியிருக்கும். பெட்டி கழன்றால் குழாயும் பிரியும், வெளிக்காற்று உள்ளே பாயும், அடுத்த கணம் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வும். சாரதி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பிரேக் பிடிப்பதற்கு ஒரு விசை தேவை என்றுதானே நாம் நினைக்கிறோம்? இங்கே பிரேக்கை விடுவித்து வைப்பதற்குத்தான் விசை தேவை. விசை போனால் பிடித்துவிடும்.

இந்த ஏற்பாடு பல உயிர்களைக் கொடுத்துக் கிடைத்தது. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884ஆம் ஆண்டில். அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1889 ஜூன் 12ஆம் திகதி, அயர்லாந்தின் ஆர்மா நகரில் இருந்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைக் கடற்கரைச் சுற்றுலாவுக்கு ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் புறப்பட்டது. பாரம் தாங்காமல் ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோனது. பெட்டிகளை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை மட்டும் முதலில் மேலே கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தார்கள். அந்த ரயிலிலும் காற்றை உறிஞ்சும் பிரேக்தான் இருந்தது, ஆனால் அது நேர்மாறான வகை. எஞ்சின் உறிஞ்சினால் பிடிக்கும், குழாய் பிரிந்தால் விட்டுவிடும். கழற்றிய பின்பாதியை நிறுத்தி வைக்க மிஞ்சியவை ஒரு கை பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களும். முன்பாதி புறப்படும்போது சற்றே பின்னுக்கு வந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பிள்ளைகள் நிறைந்த பெட்டிகள் சரிவில் ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். பெட்டி கழன்றால் தானாகவே பிடிக்கும் பிரேக் பயணிகள் ரயில்களில் இருந்தே ஆகவேண்டும் என்று பிரித்தானிய நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டம் செய்தது.

இனி தண்டவாளத்தை விட்டுத் தோட்டப் பாதைக்கு வருவோம். கொழுந்து மடுவத்தில் இருந்து ஆலைக்குக் கொழுந்து ஏற்றிப் போகும் ட்ரக்டரைப் பாருங்கள். அதன் பின்னால் கட்டிய ட்ரெய்லர் பெட்டி ஓர் இரும்பு ஆணியில்தான் மாட்டியிருக்கிறது. அந்த ஆணி துள்ளி வெளியே வராமல் காப்பது ஒரு சிறு கம்பி வளையம். பல பெட்டிகளுக்குச் சொந்தமாகப் பிரேக்கே கிடையாது, நிறுத்துவது ட்ரக்டர்தான். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்கிறோம். ஆர்மாவில் வைத்ததும் அதைத்தான்.

மூன்று டன் பாரமுள்ள பெட்டி, பத்து அடிக்கு ஓர் அடி ஏறும் பாதையில் கழன்றுகொண்டால், பத்து விநாடிக்குள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கிவிடும். அதற்குள் 40 மீட்டர் உருண்டிருக்கும். 40 மீட்டருக்குள் ஒரு லயத்து வாசல் இருக்கலாம், ஒரு வளைவு இருக்கலாம், கூடையோடு நடந்து வரும் பெண்கள் இருக்கலாம். கல்லைத் தேடி ஓட யாருக்கும் நேரம் இருக்காது.

மேலைநாடுகளில் காருக்குப் பின்னால் ‘கரவன்’ என்ற வீட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போவார்கள். அந்த வண்டியில், ரயிலுக்குச் செய்த அதே காரியத்தைச் சிறிய அளவில் செய்யும் ஒரு கருவி இருக்கிறது. ஒரு மெல்லிய கம்பி வடம், அதன் நுனியில் ஒரு முளை, முளை செருகிய ஒரு சுவிட்ச், வண்டிக்கென்றே தனியாக ஒரு 12 வோல்ட் பற்றரி. வடத்தின் மறுமுனை இழுக்கும் வாகனத்தின் சட்டத்தில் மாட்டியிருக்கும். வண்டி கழன்றால் வடம் முளையைப் பிடுங்கும், பற்றரியின் மின்சாரம் சக்கரங்களில் உள்ள காந்தங்களுக்குப் பாயும், பிரேக் பிடிக்கும். பற்றரி இல்லாத வகையில் வடம் நேராகக் கை பிரேக் நெம்புகோலையே இழுத்துவிடும். நம் தோட்டத்துப் பெட்டிகளுக்கு இந்த இரண்டாவது வகையே பொருத்தம் என்பது என் எண்ணம். மழையிலும் சேற்றிலும் கெட்டுப்போக அதில் மின்சாரம் இல்லை. ஆனால் பெட்டியின் அச்சில் பிரேக் டிரம் இருந்தாக வேண்டும்.

கருவி இருந்தால் மட்டும் போதாது, அதைச் சோதிக்கவும் வேண்டும். தினமும் மிதிக்கும் பிரேக் கெட்டால் சாரதியின் காலுக்குத் தெரிந்துவிடும். இது வருடக்கணக்கில் ஒரு முறைகூட வேலை செய்யாமல் இருக்கும் பிரேக். செத்துப்போனாலும் யாருக்கும் தெரியாது.

பற்றரி வகையைச் சோதிப்பது எளிது. சமதரையில் நிறுத்துங்கள். வாகனத்துக்கும் வண்டிக்கும் இடையிலான மின் இணைப்பைக் கழற்றுங்கள். கழற்றாவிட்டால் வாகனத்தின் பற்றரி உதவிக்கு வந்து, வண்டியின் பற்றரி செத்திருப்பதை மறைத்துவிடும். முளையை இழுங்கள். ‘டக்’ என்ற சத்தம் கேட்டதும் சரி என்று விட்டுவிடாதீர்கள், பலவீனமான பற்றரியும் அந்தச் சத்தத்தைக் கொடுக்கும். வண்டியை மெல்ல இழுத்துப் பாருங்கள். சக்கரங்கள் உருள மறுக்க வேண்டும். பார்த்து முடித்ததும் முளையைத் திரும்பச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் காந்தங்கள் சூடாகும், பற்றரியும் வடிந்துபோகும். இதே காரணத்தால் இதை வண்டி நிறுத்தி வைக்கும் பிரேக்காகவும் பயன்படுத்தக் கூடாது.

அமெரிக்க விதிப்படி இந்தப் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரு காந்தம் ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கும். நான்கு சக்கரம் என்றால் 12 அம்பியர். சிறிய பற்றரிக்கு அது சுமைதான். மானி வைத்துப் பார்த்தால் நிறைந்த பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே வந்துவிட்டால் அதை நம்பாதீர்கள்.

பற்றரி நன்றாக இருந்தும் பிரேக் பிடிக்கவில்லையா? நுவரெலியாவின் பனியிலும் ஈரத்திலும் நான் முதலில் சந்தேகப்படுவது சுவிட்சைத்தான். உள்ளே செம்பு பச்சை பூத்துப் போயிருக்கும். அடுத்தது, வண்டிச் சட்டத்தில் முடுக்கிய எர்த் வயர். துரு ஏறினால் மின்சாரம் திரும்ப வழியிருக்காது. நெம்புகோல் வகையில் வடம் உறைக்குள் துருவேறி இறுகிவிடும், அதற்கு கிரீஸ் வேண்டும். வடத்தை இணைப்பு ஆணியில் சுற்றி மாட்டும் பழக்கம் மிக ஆபத்தானது. ஆணி போகும்போது வடமும் சேர்ந்து போய்விடும். அதை வாகனத்தின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது இறுகாத நீளம் வேண்டும், ஆனால் பாதையில் உரசவும் கூடாது.

சரிவுப் பாதையில் பிரேக் போனால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாத கதை அல்ல. 2023 ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில், கொழும்பில் இருந்து மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ் ஒரு வானையும் ஓட்டோவையும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். பிரேக் செயலிழந்ததாகவே அன்று பேசப்பட்டது. ஆறாத துயரம் அது.

தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ட்ரெய்லர் பெட்டி வாங்கும்போது பிரேக் டிரம் உள்ள அச்சோடு வாங்குங்கள், கழன்றால் தானாகப் பிடிக்கும் வடத்தையும் பொருத்தச் சொல்லுங்கள். அதுவரை இருக்கும் பெட்டிகளுக்கு இணைப்பு ஆணியோடு ஒரு பாதுகாப்புச் சங்கிலியாவது போடுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களே, சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வையுங்கள். சாரதித் தம்பிமாரே, நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன் அந்த ஆணியையும் கம்பி வளையத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். கொழுந்து ஏற்றும் பெட்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள்.